மாதிரி ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வரி: ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்றுமதியாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வணிகச் சபைகளில் மாதிரி விற்பனை ஒப்பந்தம் தயாரிக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

உறுப்பினர்களுக்கு நீங்கள் கொடுக்கும் மாதிரி ஒப்பந்தங்களில் விலைக்கு ஒரு பத்தி, தரத்துக்கு ஒரு பத்தி, பொதிக்கு ஒரு பத்தி, தகராறுக்கு ஒரு பத்தி என்று இருக்கிறது. பணம் எப்படி வரும் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரி: ‘பணம் செலுத்தும் முறை: திரும்பப் பெற முடியாத எல்சி, அட் சைட்.’ (எல்சி என்பது, குறித்த ஆவணங்களைக் கொடுத்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் வாக்குறுதி; ‘அட் சைட்’ என்றால் ஆவணம் கண்டதும் பணம்.) அந்த வரியை எடுத்துவிட்டு, அங்கே ஒரு முழுப் பின்னிணைப்பைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த வரியில் ஒரு வேடிக்கை உண்டு. ‘திரும்பப் பெற முடியாத’ என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும், எல்சிகளுக்கான சர்வதேச வணிகச் சபையின் யு.சி.பி. 600 விதிகளின் 3-ஆம் பிரிவுப்படி, சொல்லாவிட்டாலும் எல்சி திரும்பப் பெற முடியாததுதான். சொல்லத் தேவையில்லாததைச் சொல்லிவிட்டு, சொல்லியே தீர வேண்டிய பத்துப் பன்னிரண்டு விஷயங்களை அந்த வரி விட்டுவிடுகிறது. எந்த வங்கி திறக்கும், எந்தத் தேதிக்குள் விற்பவர் கைக்கு வரும், எந்த நாட்டில் காலாவதியாகும், எந்த ஆவணங்கள், யார் கையெழுத்தில், கப்பலேற்றிய எத்தனை நாளுக்குள், கட்டணம் யார் தலையில்? இவை எல்லாவற்றையும் வாங்குபவர் தம் வங்கியின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது தனியாக முடிவு செய்துகொள்கிறார். விற்பவர் அவற்றை முதன்முதலாகப் பார்ப்பது எல்சி வந்து சேர்ந்த அன்றுதான். அதற்குள் மூலப்பொருள் வாங்கி, வேலை பாதி நடந்திருக்கும். திருத்தம் கேட்டால் வாங்குபவர் இழுத்தடிப்பார் என்ற பயத்தில், ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்று சரக்கை ஏற்றிவிடுகிறார்கள்.

ஆவணங்களை வரிக்கு வரி சரிபார்ப்பது எங்கள் வேலை. வங்கிகள் திருப்பிவிடும் ஆவணங்களில் தட்டச்சுப் பிழைகளும் உண்டுதான். ஆனால் பணத்தை உண்மையிலேயே சிக்கவைக்கும் கோளாறுகள் தட்டச்சு மேசையில் பிறப்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே பிறந்துவிடுகின்றன.

முதலில், உங்கள் பயிற்சி வகுப்புகளில் அவசரமாகக் கடந்துபோகும் ஓர் அடிப்படை. எல்சியும் விற்பனை ஒப்பந்தமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு உறவுகள். யு.சி.பி. 600-இன் 4-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வங்கிகள் ஆவணங்களைப் பார்த்துத்தான் நடக்கும், சரக்கைப் பார்த்து அல்ல என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் 21 நாள் என்று இருந்து, எல்சியில் 7 நாள் என்று வந்தால், வங்கிக்கு 7 நாள்தான் கணக்கு. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினாலும் பரிசோதகர் அதைப் படிக்க மாட்டார், படிக்கவும் கூடாது. அந்த ஒப்பந்தத்தால் விற்பவருக்கு ஒரு பயன் உண்டு: ‘இந்த எல்சி நாம் பேசியபடி இல்லை, திருத்தித் தாருங்கள், அதுவரை நான் சரக்கு ஏற்றக் கடமைப்பட்டவன் அல்ல’ என்று வாங்குபவரிடம் உரிமையோடு சொல்லலாம். ஒற்றை வரி ஒப்பந்தத்தில் அந்த உரிமையும் இல்லை. பேசாத ஒன்றிலிருந்து எல்சி விலகிவிட்டது என்று எப்படி வாதாடுவது?

நாள் கணக்கிலிருந்து தொடங்குவோம். உற்பத்திக்கு 40 நாள், துறைமுகம் சேர்த்துக் கப்பலேற்ற 10 நாள், கடைசிக் கப்பல் தேதி மே 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி 50 நாள் எண்ணினால் ஏப்ரல் 11. எல்சியைப் படித்துத் திருத்தம் கேட்டு வாங்க ஒரு வாரமாவது வேண்டும். ஆக ஏப்ரல் 4-க்குள் எல்சி, அறிவிக்கும் வங்கி (எல்சியை விற்பவரிடம் ஒப்படைக்கும் வங்கி) வழியாக, விற்பவர் கையில் இருந்தாக வேண்டும். இந்தத் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆங்கிலச் சட்டத்தில், கப்பலேற்றும் காலம் தொடங்கும்போது எல்சி தயாராக இருக்க வேண்டும் என்று 1952-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாடுகளுக்கிடையே நடக்கும் சரக்கு விற்பனைக்கான வியன்னா உடன்படிக்கை பொருந்தும் ஒப்பந்தங்களில், பணம் வருவதற்கான நடைமுறைகளைச் செய்வதும் விலை செலுத்தும் கடமையின் பகுதி என்கிறது 54-ஆம் பிரிவு. எல்சி திறப்பதும் அதில் அடங்கும். வாங்குபவர் திறக்காவிட்டால், 63-ஆம் பிரிவுப்படி நியாயமான கூடுதல் கெடு கொடுத்து, அதுவும் தவறினால் 64-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆனால் கெடு எப்போது தவறியது என்று காட்ட முதலில் ஒரு தேதி வேண்டுமே! கூடவே இன்னொரு வாக்கியம்: ‘உற்பத்திக் காலம், ஒப்புக்கொண்ட வடிவில் எல்சி வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படும்.’ இது இல்லாத ஒப்பந்தத்தில், எல்சி மூன்று வாரம் தாமதமாக வந்தாலும் கடைசிக் கப்பல் தேதி நகராமல் அப்படியே நிற்கும்.

முன்பக்கம் இப்படியென்றால் பின்பக்கம் இன்னும் இறுக்கம். எல்சியில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், மூலப் போக்குவரத்து ஆவணம் உள்ள தொகுப்பைக் கப்பலேற்றிய 21 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதேசமயம் எல்சி காலாவதித் தேதியையும் தாண்டக் கூடாது. மே 31-க்கு ஜூன் 21. பல எல்சிகளில் கடைசிக் கப்பல் தேதியும் காலாவதித் தேதியும் ஒரே நாளாகவோ பத்து நாள் இடைவெளியிலோ வருகின்றன. பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) வெளியே வரச் சில நாள், வணிகச் சபையின் மூலச்சான்று (சரக்கு எந்த நாட்டுடையது என்ற சான்று) வரச் சில நாள், கிருமிநீக்கச் சான்று வரச் சில நாள் என்று போனால் அந்த இடைவெளி கரைந்துவிடும். காலாவதியாகும் இடம் திறக்கும் வங்கியின் நாடாக இருந்தால் கூரியர் நாட்களும் விற்பவர் கணக்கில்தான் கழியும். எல்சியை வங்கிக்கு வங்கி அனுப்பும் ஸ்விஃப்ட் எம்.டி. 700 செய்தியில் 31டி என்ற புலம் (எண்ணிட்ட கட்டம்) இதைச் சொல்கிறது. தேதியை மட்டும் பார்த்துவிட்டு அதே புலத்தில் உள்ள இடத்தைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. காலாவதித் தேதி வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்கு நீளும். கடைசிக் கப்பல் தேதி நீளாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

தேதிச் சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. கப்பலேற்றும் காலத்தைக் குறிக்க ‘ஃப்ரம்’ என்ற சொல் வந்தால் அந்த நாளும் சேரும். தவணை முதிர்வு நாளைக் கணக்கிட அதே சொல் வந்தால் அந்த நாள் சேராது. இரண்டும் ஒரே 3-ஆம் பிரிவில்தான் இருக்கின்றன. ‘ஆன் ஆர் அபவுட்’ என்றால் குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னிருந்து ஐந்து நாள் பின் வரை, இரு முனைகளும் சேர்த்து. உங்கள் மாதிரியில் இத்தகைய சொற்களை எல்லாம் விட்டுவிட்டு நேரான தேதிகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அளவுக்கு வருவோம். 100 டன், டன்னுக்கு 500 டாலர், மொத்தம் 50,000 டாலர். எல்சியில் கூடக்குறைய என்று எதுவும் சொல்லாவிட்டாலும், எடையில் 5 சதவீதம் கூடவோ குறையவோ 30-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் பெறும் தொகை எல்சித் தொகையைத் தாண்டக் கூடாது. ஆகவே 102 டன் ஏற்றியவருக்கு மேலே உள்ள 2 டன்னுக்கான 1,000 டாலர் எல்சி வழியாக வராது. இதே சரக்கை ‘50 கிலோ மூட்டை 2,000’ என்று எண்ணிக்கையில் எழுதியிருந்தால் அந்த 5 சதவீதமும் கிடையாது. மூட்டை கூடினால் முரண், அதாவது ஆவணம் எல்சியோடு பொருந்தவில்லை என்று ஆகிவிடும். ‘அபவுட்’ என்ற சொல் எதற்கு முன்னால் நிற்கிறதோ அதற்கு மட்டுமே 10 சதவீதச் சலுகை தரும்; அளவுக்கு முன்னால் போட்டுத் தொகைக்கு முன்னால் விட்டால் பாதிதான் பயன். ஒப்பந்தத்தில் ‘அளவிலும் தொகையிலும் 5 சதவீதம் கூடவோ குறையவோ’ என்று எழுதி, எல்சியில் 39ஏ புலத்திலும் சரக்கு விவரத்திலும் அது வர வேண்டும் என்று கேட்டால் வேலை முடிந்தது.

விலை விதியும் ஆவணப் பட்டியலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருப்பது அடுத்த கோளாறு. சர்வதேச விலை விதிகளின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 விதிகள். அவற்றில் எதுவும் பணம் எப்போது வரும் என்றோ உரிமை எப்போது மாறும் என்றோ சொல்வதில்லை. செலவும் இடரும் எங்கே கைமாறும் என்பதுதான் அவற்றின் வேலை. ‘எக்ஸ் ஒர்க்ஸ்’ (விற்பவரின் இடத்திலேயே ஒப்படைக்கும்) விலை பேசிவிட்டு, கப்பலில் ஏற்றிய பி.எல். கேட்கும் எல்சியை ஏற்றுக்கொள்பவர், வாங்குபவர் அமர்த்தும் கப்பல் நிறுவனத்தின் தயவில் தம் பணத்தை வைக்கிறார். கப்பல் கட்டணம் வாங்குபவர் தலையில் உள்ள எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றுவது வரை விற்பவர் பொறுப்பு) விலைக்கு ‘கப்பல் கட்டணம் முன்செலுத்தப்பட்டது’ என்று குறித்த பி.எல். கேட்டும் எல்சிகள் வருகின்றன. கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருத்தமே இல்லை. கண்டெய்னர் யார்டில் ஒப்படைத்த பிறகு கப்பல் ஏறும் வரை நடப்பது விற்பவர் கையில் இல்லை. இடர் மட்டும் அவரிடம் இருக்கும். இதற்கு, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் இடர் கைமாறும் எஃப்.சி.ஏ.தான் சரி. 2020 பதிப்பில், விற்பவருக்குக் கப்பலேற்றிய குறிப்போடு பி.எல். கொடுக்கும்படி வாங்குபவர் தம் போக்குவரத்து நிறுவனத்துக்கு அறிவுறுத்த இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அது தானாக வராது, ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். போக்குவரத்துக் கட்டணமும் காப்பீடும் விற்பவர் தலையில் உள்ள விதிகளில், கடல்வழிக்கான சி.ஐ.எஃப். விலையில் குறைந்தபட்சக் காப்பீடு கார்கோ ‘சி’ விதி, எந்த வழிக்கும் பொருந்தும் சி.ஐ.பி.யில் பாதுகாப்பு கூடிய ‘ஏ’ விதி. ‘சி’ கணக்கில் விலை சொல்லிவிட்டு ‘ஏ’ கேட்கும் எல்சி வந்தால் பிரீமிய வித்தியாசம் லாபத்திலிருந்து போகும். காப்பீட்டுத் தொகை சரக்கின் சி.ஐ.எஃப். அல்லது சி.ஐ.பி. மதிப்பில் குறைந்தது 110 சதவீதம் இருக்க வேண்டும். ஆவணத் தேதி கப்பலேற்றிய தேதிக்குப் பிந்தக் கூடாது, பிந்தினால் பாதுகாப்பு அந்தத் தேதிக்குள்ளாகவே தொடங்கியதாக ஆவணத்திலேயே தெரிய வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வாங்குபவரின் கையெழுத்தைக் கேட்கும் ஆவணம். ‘விண்ணப்பதாரரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்று, கையெழுத்து எங்கள் வங்கிப் பதிவோடு ஒத்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி, ஆவணங்களைப் பட்டியலிடும் 46ஏ புலத்தில் வந்தால் (விண்ணப்பதாரர் என்பவர் வாங்குபவர்தான்), எல்சியின் சாவி வாங்குபவரிடம் போய்விட்டது என்று பொருள். சந்தை விலை இறங்கினால் அவர் பிரதிநிதி வரமாட்டார். வந்து கையெழுத்துப் போட்டாலும் அது ‘ஒத்துப்போகவில்லை’ என்று திரும்பலாம். விண்ணப்பதாரர் வழங்கும் அல்லது கையெழுத்திடும் ஆவணத்தை எல்சி கேட்கக் கூடாது என்று ஆவணங்களைப் பரிசோதிக்கும் நடைமுறைக்கான வழிகாட்டியான ஐ.எஸ்.பி.பி. தன் தொடக்கக் குறிப்பிலேயே சொல்கிறது. ஆனால் அது அறிவுரைதான். எல்சியில் வந்துவிட்டால் அந்த ஆவணத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாங்குபவருக்குத் தரம் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதி, எந்த அளவீடுகள், எத்தனை மாதிரிகள், கட்டணம் யாருடையது என்று முடித்துவிடலாம்.

மூன்று மூல பி.எல்.களில் ஒன்றை நேராக வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லும் எல்சிகளும் இதே ரகம். பொதுவாக ஒரு மூலப் பிரதியைக் கொடுத்தாலே சரக்கு கிடைத்துவிடும். மீதி இரண்டு வெறும் காகிதமாகிவிடும். குறுகிய கடல் பயணங்களில் ஆவணத்துக்கு முன் கப்பல் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பது உண்மையான சிக்கல்தான். அதற்குத் தீர்வு திறக்கும் வங்கியின் பெயரில் சரக்கு அனுப்புவதும், வாங்குபவர் அந்த வங்கியின் உத்தரவாதத்தோடு சரக்கை எடுத்துக்கொள்வதும்.

ஆவணம் இல்லாத நிபந்தனைகள், ‘சரக்கு புதிதாக இருக்க வேண்டும்’ போன்றவை, வங்கியால் புறக்கணிக்கப்படும் என்கிறது 14(எச்) பிரிவு. ஆனால் நீங்கள் கொடுக்கும் வேறு ஆவணம் ஏதாவது அதற்கு எதிராகப் பேசினால் முரண் வரலாம். அத்தகைய நிபந்தனை இருக்கும் எல்சியைத் திருத்தி வாங்குவதே நல்லது.

முரண் வந்தால் என்ன நடக்கிறது என்பதை உறுப்பினர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். தாக்கல் செய்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் எல்லா முரண்களையும் ஒரே அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று சொல்ல முடியாது. 16-ஆம் பிரிவின்படி நடக்காத வங்கி முரணைச் சுட்டிக்காட்டும் உரிமையை இழக்கிறது. எனவே மறுப்பு அறிவிப்பு வந்ததும் பதறாமல் அதன் தேதியையும் வாசகத்தையும் முதலில் படிக்க வேண்டும். காலாவதிக்கும் தாக்கல் காலத்துக்கும் இடம் இருந்தால் திருத்திய ஆவணத்தை மீண்டும் தாக்கல் செய்யலாம். இல்லாவிட்டால் ‘வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் பணம்’ என்ற நிலைக்கு எல்லாம் வந்துவிடும். எல்சிக்கான கட்டணம் முழுதும் கட்டி, கடைசியில் வாங்குபவரின் மனம்போல் நடப்பது. அந்த மனம் விலைக்குறைப்பு கேட்காமல் ஒப்புக்கொள்வது அரிது.

உறுதி சேர்த்தல் பற்றி இரண்டு வார்த்தை. அறிவிக்கும் வங்கி செய்வது, எல்சி வெளித்தோற்றத்தில் உண்மையானதுதான் என்று பார்த்து ஒப்படைப்பது மட்டுமே. பணத்துக்கு அது பொறுப்பல்ல. உறுதி சேர்க்கும் வங்கி, திறக்கும் வங்கி விழுந்தாலும் அந்த நாட்டில் டாலர் தட்டுப்பாடு வந்தாலும் தானே கொடுக்கக் கட்டுப்பட்டது. எம்.டி. 700-இன் 49-ஆம் புலத்தில் ‘கன்ஃபர்ம்’, ‘மே ஆட்’, ‘வித்தவுட்’ என்ற மூன்றில் ஒன்று வரும். எதைப் பேசினோம், அதன் கட்டணம் யாருடையது என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். வங்கியின் பெயரையே கேட்காமல் ‘முதல்தர வங்கி’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. முதல்தரம் என்பதற்கு யு.சி.பி.யில் பொருள் இல்லை. ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ போன்ற சொல் ஆவணம் வழங்குபவரைக் குறித்து வந்தால், பயனாளி (விற்பவர்) தவிர யார் வேண்டுமானாலும் வழங்கலாம் என்று ஆகிவிடும்.

எல்சிக்கு வெளியே உள்ள முறைகளுக்கும் இதே குறை உண்டு. ஆவண வசூல், அதாவது டி.பி. (பணம் கட்டினால் ஆவணம்), டி.ஏ. (பிறகு பணம் தருவதாக உண்டியலில் கையெழுத்திட்டால் ஆவணம்), 1996 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள யு.ஆர்.சி. 522 விதிகளின் கீழ் நடக்கிறது. இதில் வங்கிக்குத் தூதுவர் வேலைதான், பணத்துக்குப் பொறுப்பில்லை. டி.பி.யில் பணம் கட்டினால்தான் ஆவணம் என்பது கடல்வழிச் சரக்குக்கு, ‘டு ஆர்டர்’ பி.எல்.லுக்கு (மேலொப்பமிட்டுக் கைமாற்றக்கூடியது), பொருந்தும். வான்வழி ரசீது உரிமை ஆவணம் அல்ல. பெறுபவராக வாங்குபவர் பெயர் இருந்தால் ஆவணம் வங்கிப் பெட்டியில் தூங்க, சரக்கு அவர் கிடங்குக்குப் போய்விடும். அதைத் தடுக்க வங்கியின் பெயரில் அனுப்பலாம் என்றால், முன்கூட்டியே அந்த வங்கி ஒப்புக்கொள்ளாமல் அப்படிச் செய்யக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. வாங்குபவர் ஆவணத்தை எடுக்காமல் விட்டால் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே போகும். மறுப்புத் தகவல் வந்த 60 நாட்களில் புதிய அறிவுறுத்தல் கிடைக்காவிட்டால் வங்கி ஆவணத்தைத் திருப்பி அனுப்பிக் கைகழுவலாம். ஆகவே டி.பி. ஒப்பந்தத்தில் துறைமுக வாடகையும் திரும்பக் கொண்டுவரும் செலவும் யாருடையவை என்று எழுதியிருக்க வேண்டும். இக்கட்டில் அணுக வேண்டிய உள்ளூர்ப் பிரதிநிதியின் பெயரும் அதிகார எல்லையும் வங்கிக்குப் போகும் வசூல் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். எல்லை சொல்லாவிட்டால் அவர் பேச்சை வங்கி கேட்காது. டி.ஏ.வில் வாங்குபவர் உண்டியலில் கையெழுத்துப் போட்டதும் சரக்கு அவருடையது. விற்பவர் கையில் இருப்பது ஒரு வாக்குறுதி. அவர் வங்கியின் அவால் (உண்டியலில் வங்கி தரும் உத்தரவாதம்) சேர்ந்திருந்தால் மட்டுமே அதற்குக் கனம்.

30 சதவீதம் முன்பணம், 70 சதவீதம் பி.எல். நகல் கண்டதும் என்ற ஏற்பாட்டை உங்கள் உறுப்பினர்கள் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். மூல பி.எல். கையில் இருக்கும்வரை ஓரளவு உண்மை. ஆனால் அந்த 30 என்ற எண்ணுக்கு எந்தப் புனிதமும் இல்லை. வாங்குபவர் கைவிட்டால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு, துறைமுக வாடகை, வேறொருவருக்குத் தள்ளிவிடும்போது வரும் நஷ்டம், இந்த மூன்றையும் கூட்டினால் வருவதுதான் சரியான முன்பணம். வாங்குபவரின் முத்திரை அச்சிட்ட சரக்கு என்றால் அது 30-ஐ எளிதில் தாண்டும். மறுபக்கம், முன்பணம் கொடுப்பவர் வங்கி உத்தரவாதங்களுக்கான யு.ஆர்.டி.ஜி. 758 விதிகளின் கீழ் முன்பண உத்தரவாதம் (சரக்கு வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரும் வங்கி வாக்குறுதி) கேட்டால் கொடுக்கலாம். ஆனால் குறித்த கணக்கில் முன்பணம் வந்த பிறகே அது உயிர்பெற வேண்டும், ஒவ்வொரு சரக்கு ஏற்றத்துக்கும் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும் என்று எழுதுங்கள்.

ஓப்பன் அக்கவுண்டில், அதாவது சரக்கை முதலில் அனுப்பிப் பிறகு பணம் வாங்கும் முறையில், விற்பவர்கள் கடன் காப்பீட்டை நம்புகிறார்கள். வாங்குபவர் தரத்தைக் காரணம் காட்டித் தகராறு செய்தால், பொதுவாக அந்தத் தகராறு முடியும்வரை காப்பீட்டு நிறுவனம் கொடுக்காது. அதனால், எத்தனை நாளுக்குள் குறை சொல்ல வேண்டும் என்ற பத்தியும் பணம் வரும் பத்தியும் இரட்டைப் பிள்ளைகள். வாங்குபவரின் அச்சிட்ட ஆர்டர் படிவத்தில் ‘உரிமை மாற்றம் கூடாது’ என்ற வரி இருந்தால் இன்வாய்ஸை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பணம் தரும் ஃபேக்டரிங் நிறுவனமும் அந்த இன்வாய்ஸைத் தொடத் தயங்கும்.

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பி ஏமாற்றுவது இப்போது சாதாரணம். இரு தரப்பில் ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்குள் ஆள் புகுந்து, சரியான இன்வாய்ஸ் எண், சரியான தொகையோடு, வேறு கணக்கெண் மட்டும் போட்டு அனுப்புகிறார். பணம் போன பிறகு, ‘நாங்கள் கட்டிவிட்டோம்’, ‘எங்களுக்கு வரவில்லை’ என்று இருவரும் நிற்பார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு மூன்று வரி போதும்: கணக்கு விவரம் பின்னிணைப்பில் உள்ளது, கையெழுத்திட்ட திருத்த ஒப்பந்தத்தால் மட்டுமே மாறும், ஏற்கெனவே பதிவான தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்யாமல் வேறு கணக்குக்கு அனுப்பினால் விலை செலுத்தியதாக ஆகாது. இடைவங்கிக் கட்டணமும் இங்கேயே: எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில் விழும் ‘OUR’ முறையில் அனுப்ப வேண்டும், குறைந்து வந்தால் வித்தியாசம் வாங்குபவருடையது.

பொதுப் பத்திகளில் மூன்றை மட்டும் திருத்தக் கேட்கிறோம். இயற்கைப் பேரிடர்ப் பத்தி பணம் செலுத்தும் கடமையையும் தள்ளிப்போடும்படி பல மாதிரிகளில் எழுதப்பட்டிருக்கிறது, அதை விலக்குங்கள். வங்கி மூடியிருந்த காலத்தில் காலாவதியான எல்சிக்கு, திறந்த பிறகும் வங்கி பணம் தராது என்பது யு.சி.பி.யின் 36-ஆம் பிரிவு. ஆகவே எல்சி எந்தக் காரணத்தால் பயன்படாமல் போனாலும் விலை நேரடியாக வாங்குபவர் கடனாகவே நிற்கும் என்று எழுத வேண்டும். இரண்டாவது, வியன்னா உடன்படிக்கை. 1980-இல் உருவாகி 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரு தரப்பும் உறுப்பு நாடுகளில் இருந்தால், விலக்காத வரை தானாகவே பொருந்தும். இன்ன நாட்டுச் சட்டம் என்று மட்டும் எழுதினால் அது விலகிவிடாது. அந்த நாடு உறுப்பினராக இருந்தால் உடன்படிக்கையும் அதன் சட்டம்தான். குறைகளைச் சொல்ல அதன் 39-ஆம் பிரிவு தரும் உச்சவரம்பு இரண்டு ஆண்டு. அழுகும் பொருள் விற்பவருக்கு அது பொருந்துமா? சரக்குக்கு ஏற்ற நாட்களை நீங்களே எழுதுங்கள். மூன்றாவது, நடுவர் தீர்ப்பு. 1958-இன் நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால் நடுவர் தீர்ப்பை வேறு நாட்டில் நிறைவேற்றுவது, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதைவிடப் பல இடங்களில் எளிது. ஆனால் 20,000 டாலர் தகராறுக்கு மூன்று நடுவர் வைத்தால் செலவே தொகையை விழுங்கும்; சிறு ஒப்பந்தங்களுக்கு ஒரே நடுவர், ஆவணங்களை மட்டும் வைத்து விசாரணை என்று எழுதுங்கள். இடம், மொழி, விதித்தொகுப்பு மூன்றும் பெயரோடு இருக்கட்டும்.

நாங்கள் கேட்பதன் மையம் ஒன்றுதான். எல்சியின் வரைவை, எம்.டி. 700-இன் புல எண்களோடு, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேருங்கள். வாங்குபவர் தம் வங்கிக்குப் போகும்போது அதையே கொண்டுபோகட்டும். சரக்கு விவரத்தை 45ஏ-வில் நீட்டாமல் ஒப்பந்த எண்ணும் பொருளின் பெயரும் அளவும் விலை விதியும் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இன்வாய்ஸின் விவரம் அதோடு பொருந்தியாக வேண்டும் என்பதால், நீளும் ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிய முரணுக்கு வாசல்.

ஒற்றை வரிக்குப் பதிலாக ஒப்பந்த உடலில் வைக்க எங்கள் வாசகம் இது:

‘வாங்குபவர், பின்னிணைப்பு 1-இல் பெயர் குறித்த வங்கி மூலம், பின்னிணைப்பு 2-இல் உள்ள வடிவில், யு.சி.பி. 600-க்கு உட்பட்ட எல்சியை, (தேதி) அன்றோ அதற்கு முன்போ விற்பவருக்குக் கிடைக்குமாறு திறக்க வேண்டும். எல்சி விற்பவரின் நாட்டில், கடைசிக் கப்பல் தேதிக்கு 21 நாளுக்குப் பின் காலாவதியாக வேண்டும். அந்த வடிவிலிருந்து விலகிய எல்சியை, விற்பவர் தெரிவித்த 5 வேலை நாட்களுக்குள் வாங்குபவர் தம் செலவில் திருத்தித் தர வேண்டும். ஒப்புக்கொண்ட வடிவில் எல்சி வந்து சேரும்வரை விற்பவரின் உற்பத்திக் கடமையும் கப்பலேற்றும் கடமையும் தொடங்கா. எல்சி, விலையை நிபந்தனையோடு செலுத்தும் வழி மட்டுமே. அதன் கீழ் பணம் கிடைக்காவிட்டால், கொடுத்த சரக்கின் விலையை வாங்குபவர் நேரடியாகச் செலுத்த வேண்டும்.’

இதை உங்கள் சட்ட ஆலோசகர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கும் அந்நியச் செலாவணி விதிக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளட்டும். பின்னிணைப்பு 2-இன் வரைவை உங்கள் குழு தயாரித்தால், ஒவ்வொரு புலத்தையும் பார்த்துக் குறிப்பு எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் தொழிலில் உள்ள சிலர்